ஊத்து யார் வீட்டுச் சொல்

அறுபதுகளின் கடைசியில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருப் பொதுக் கிணறு வறண்டு கிடந்தது. பக்கத்து வீட்டுச் சாயக்காரன் என் கூட்டாளி. தண்ணீர் இல்லாமல் நூலுக்கு எப்படிச் சாயம் போடுவான்? கிணற்றில் ஊத்துக் கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு மதுரைக்கே போய்விடுவதென்று முடிவு கட்டியிருந்தான். அவன் இல்லாத தெருவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியே காட்டிக்கொள்வேனா? அவனிடம் வம்பிழுத்துக்கொண்டே திரிந்தேன்.

கிணற்றை ஆழப்படுத்த, வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறைவைத்து மண்கூடை இழுத்தோம். அன்று வடம் பிடித்தவர்கள் மூன்று பேர். என் வீட்டில் தமிழ், அவன் வீட்டில் கன்னடம், எதிர்வீட்டு நெசவாளி வீட்டில் தெலுங்கு. கீழே ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் பாறையைக் குத்திக்கொண்டிருந்தார்.

எனக்குத் தமிழ்ப் பித்து தலைக்கேறியிருந்த காலம் அது.

"நாங்க 'ஊத்து'ங்கிறோம், நீ 'ஊட்டே'ங்கிற, இவரு 'ஊட்ட'ங்கிறாரு. எல்லாம் 'ஊறு'ங்கிற எங்க சொல்லுல இருந்து வந்ததுதாம்லே" என்றேன்.

"எங்க வீட்லயும் கசியிறதுக்கு அதேதான் சொல்லுவோம்" என்றார் நெசவாளி.

சாயக்காரனுக்குச் சுருக்கென்றது. "அப்ப இத்தன வருஷமா ஒங்ககிட்ட எரவல் வாங்கியா பேசுறோம்?"

யாரும் யாரிடமும் இரவல் வாங்கவில்லை, ஒரே மூலமொழியிலிருந்து ஆளுக்கொரு பங்காக வந்த சொல் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"ஏலே, மேல என்னலே பட்டிமன்றம்? கூடையத் தூக்குங்கலே!" என்று கீழிருந்து அதட்டல் வந்தது. தூக்கினோம். அடுத்த கூடை மேலே வருவதற்குள் அதே குரல், "ஊத்துலே! ஊத்து!" என்று அலறியது.

நெசவாளி கையெடுத்துக் கும்பிட்டார். சாயக்காரன் மட்டும் அசையவில்லை. உப்புத் தண்ணீரில் சாயம் சரியாகப் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் பாதிக் கிணறு உப்பு. வாளியில் வந்த கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டான்.

"சொல்லித் தொலையேம்லே!" என்றேன்.

அவன் விழுங்கினான். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்து, "நாவு ஹோகல்ல!" என்று கத்தினான்.

'நாம் போகவில்லை' என்று எனக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடத்தைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.