சாப்பாட்டு மேசையில் ஒத்திகை

ஆங்கிலமே தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர் டீச்சர். எந்தப் பாடத்தையும் அவர் நேராக வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. முதல் நாள் சாயங்காலமே படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கணவருக்கு ஆங்கிலத்தில் நடத்திப் பார்ப்பார். கணவர் தையல்காரர், ஆங்கிலம் மருந்துக்குக்கூடத் தெரியாது. அவர் திருதிருவென்று முழித்தால் படத்தை மாற்றுவார், வாக்கியத்தைச் சுருக்குவார். அவர் தலையாட்டினால்தான் பாடம் தயார்.

பல வருஷமாகப் பிசகாத வழக்கம் இந்த வருஷம் காலை வாரிவிட்டது. கணவர் உடனே தலையாட்டிய பாடங்களுக்கெல்லாம் மறுநாள் வகுப்பே முழித்தது.

டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு படமும் காட்டாமல், கையைக்கூட அசைக்காமல், கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போடும்படி ஆங்கிலத்தில் சொன்னார். கணவர் பல்லில் நூலைக் கடித்தபடி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார், விளக்கையும் போட்டார்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"இத்தனை வருஷமா நீதானே நடத்துற! அப்ப நான் பாஸா?"

"நீங்க பாஸாகிட்டா நான் இனிமே யாருக்கு நடத்திப் பார்க்கிறது?"

கணவர் கொஞ்சம் யோசித்தார்.

"நம்ம வீட்டு ஓனரைக் கூப்பிடு. குழாய் ஒழுகுதுன்னு தமிழ்ல சொன்னாலே அவருக்குப் புரியாது."