தினமும் முதல் நாள்

விடியற்காலையில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். ‘நல்வரவு. இன்று உங்கள் முதல் நாள். தயக்கம் வேண்டாம், எல்லோரும் இப்படித்தான் தொடங்கினார்கள்.’

அவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. பல் துலக்கிக்கொண்டே அதைப் படிப்பாள். சில நாள் நுரை வாயுடன் படுக்கையறை வாசலில் வந்து நிற்பாள்.

“இன்னைக்கு வேலைக்குச் சேர்றேங்க.”

“வாழ்த்துகள்,” என்பார் கணவர், போர்வைக்குள்ளிருந்து. “முதல் நாளே வாயத் திறந்துடாத. கொஞ்ச நாள் நல்ல பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருக்கட்டும்.”

கம்பெனி தன் வரலாற்றைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறது. அதில் ‘தொலைநோக்கு’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நடந்தது வேறு.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் மேலே மேஜை நகரும். அங்கே ஒருவர் உட்கார்ந்து, யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் விடுப்பு பாக்கி என்று சொல்லும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். பேசமாட்டார். அவருக்காகப் பேசியவர் அவருடைய மனைவியின் தம்பி. அதுவரை தண்ணீர்த் தொட்டி விற்றவர். ஆள் கிடைத்தால் தொட்டியை விட்டுவிட்டு ஓட்டையைக்கூட விற்கத் தெரிந்தவர். அவர் இவரை அத்தான் என்பார், இவர் அவரை மச்சான் என்பார். பிறகு வந்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் போலானார்கள்.

அவளைத் தொலைபேசி எடுப்பதற்காக வேலைக்கு வைத்தார்கள். தொலைபேசி அடுத்த மாதம் வந்தது.

அதற்குள் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்று மென்பொருளைப் பார்க்க ஒத்துக்கொண்டது. காட்டுவதற்கு அதற்குள்ளே ஓர் ஊழியராவது இருக்க வேண்டும். அத்தான் முதலாளி. மச்சான் தன்னைப் பங்காளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊழியர் என்று அங்கே இருந்தது அவள் ஒருத்திதான். “நீ உள்ள போயிடும்மா,” என்றார் மச்சான், ஏதோ லிப்டுக்குள் போகச் சொல்வது போல.

படம் வேண்டும். மழையில் நனைந்து வந்திருந்தாள். மச்சான் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். சக்கரம் வைத்த நாற்காலி. கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. அத்தான் கேமராப் பொத்தானை அழுத்திய கணத்தில் மச்சான் ஆகாயத்தில் இருந்தார். படத்தில் விரிப்பின் ஒரு நுனியும் ஒரு கட்டைவிரலும் ஓரமாகத் தெரியும். நடுவில் அவள், தலை சொட்டச் சொட்ட, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள்.

பிஸ்கட்காரர்கள் மென்பொருளை வாங்கினார்கள். அந்தப் படமும் கூடவே போனது. பிறகு கூரை ஓட்டுத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பேருந்துக் கம்பெனி. எங்கே செயல்விளக்கம் என்றாலும் முதலில் திரையில் வருவது அவள்தான். காலையில் அவளைத் தாமதமாக வரவைப்பார்கள். சம்பளம் பிடிப்பார்கள். பதவி உயர்வு கொடுத்து, ஊர் மாற்றி, எச்சரித்து, வேலையை விட்டு அனுப்பி, உணவு இடைவேளைக்குப் பிறகு திரும்பச் சேர்ப்பார்கள். நாள் முடியும்போது திரை கந்தரகோலமாக இருக்கும். எனவே அத்தான் ஒரு சின்ன நிரல் எழுதினார். விடியற்காலையில் அது ஓடி அவளைத் துடைத்துவிடும். வயது இருபத்தொன்று, இன்று சேர்ந்தார், நல்வரவு.

அதில்தான் வம்பு. தனியாக இன்னொரு கணினி வாங்க அன்று மனம் வரவில்லை. செயல்விளக்கமும் கம்பெனியின் சொந்தக் கணக்கும் ஒன்றிலேயே ஓடின. மாதிரி ஊழியரும் அவளே, உண்மை ஊழியரும் அவளே. சம்பளம் மட்டும் வேறு இடத்தில் பதிந்திருந்ததால் தப்பித்தது. கம்பெனி கண்ணாடிக் கட்டடத்துக்குப் போன பிறகும், அந்த நிரலைத் தொட எந்தப் பொறியாளரும் துணியவில்லை.

“அதத் தொட்டா எல்லாருக்கும் சம்பளம் நின்னுடும்க்கா.”

“தொட்டுப் பாத்தியா?”

“தொட்டவன் யாரும் இப்ப இங்க இல்லையே.”

அதனால் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. விடுப்பு வேண்டுமென்றால் அத்தான் அறைக்குப் போய்ச் சொல்வாள். அவர் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

லாபம் என்றால் உண்டு. சேர்ந்து சில மாதத்தில் பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து ஓர் அழைப்பு.

“உங்க மென்பொருள்ல ஒரு பொண்ணு இருக்காங்களே. நிஜ ஆளா, வாங்கின படமா?”

“நிஜந்தான். ஏன்?”

“இன்னைக்குத் தெரியாம அவங்கள வேலையவிட்டு நீக்கிட்டேன். சிரிச்ச முகமா இருக்காங்க. மனசே சரியில்ல. எப்படித் திரும்பச் சேக்கிறது?”

“நாளைக்குக் காலைல தானா வந்துடுவாங்க. கவலப்படாதீங்க.”

“அப்ப மறுநாள் நீக்கினா?”

“எத்தன வாட்டி நீக்குவீங்க?”

“நீங்க போன் எடுக்கிற வரைக்கும்.”

அவர்தான் கணவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் பிஸ்கட்காரர். கல்யாணமான பிறகு ஒரு தடவைகூட நீக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வெளியிலும் அவளுக்குப் பேர் இருந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார். “எங்கயோ பாத்திருக்கேனே... நீங்க லேட்டா வர்றவங்கதானே?” பேருந்தில் ஒரு நடத்துநர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். பயிற்சி வகுப்பில் அவளுக்கு மேலாளர் பதவி கொடுத்தது அவராம்.

போன வருடம் கம்பெனியை விற்றார்கள். அத்தான் தக்காளி வளர்க்கப் போய்விட்டார். மச்சான் விற்பனைத் தலைவராக ஒட்டிக்கொண்டார். வாங்கியவர்கள் ஒரு மேலாளரை அனுப்பினார்கள். ஆப்பிளை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டித் தின்பவர். கெட்டவர் அல்ல. கணினியில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து மகள் கேப்டனானாள்.

தீவு தீவாகச் சுற்றி ஆளையும் சாமானையும் இறக்கி ஏற்றும் கப்பல். பத்து நாள் பயணம். முதல் தடவை கப்பலை எடுக்கிறவர்கள் வீட்டாரை அழைத்துக்கொள்ளலாம் என்று கப்பல் கம்பெனியில் ஒரு வழக்கம். மகள் தொலைபேசியில் சொன்னாள்: “அம்மா, உனக்குத் தினமும் முதல் நாள். எனக்கு இது ஒண்ணுதான். வந்துடு.”

பத்து நாள் விடுப்புக் கேட்டு மேலாளர் முன்னால் போய் நின்றாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“நான் இப்ப ஒப்புதல் குடுத்தா விடியக்காலைல அழிஞ்சுடும். பத்து மணிக்குச் சொல்லாம வரலன்னு காட்டும். உடனே வேலைநீக்கக் கடிதம் தானாப் போயிடும். அது மேலிடத்துக்கும் போகும், என்னால நிறுத்த முடியாது. யாருங்க இப்படி ஒரு வசதிய வெச்சது?”

கூட வந்திருந்த மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஓட்டுத் தொழிற்சாலைக்காக அவர் விற்ற வசதி அது.

“என்னைப் புதுசாப் பதிஞ்சுடுங்களேன்,” என்றாள்.

“பாத்தேன். ஒரே ஆள் ரெண்டு தடவ இருக்கக்கூடாதுங்குது.”

அதுவும் மச்சான் விற்றதுதான்.

“தினமும் காலைல நீங்களே ஒப்புதல் குடுத்தா?”

“ஒருத்தர் ஒரே ஊழியருக்கு மாசத்துல ஒரு தடவதான் குடுக்கலாம். என் கையில ஒண்ணு இருக்கு. அத வெச்சு ஒரு நாள் கப்பல் ஏறி இறங்கலாம்.”

“நடுக்கடல்லயா இறங்குறது?”

அவர் ஆப்பிள் துண்டு ஒன்றை நீட்டினார்.

அன்று மாலை மச்சான் அவளைத் தேடி வந்தார். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. முகம் பிரகாசமாக இருந்தது. “நம்ம பசங்க தினமும் காலைல எங்கயாவது செயல்விளக்கம் காட்டுறாங்களா இல்லையா? ‘ஐயா, நீங்கதான் மேலாளர்னு வெச்சுக்குங்க, இந்தம்மா லீவு கேக்கிறாங்க’ன்னு மொதல்ல அதக் காட்டச் சொல்லிடறேன். தினமும் வேற வேற ஆளு, அவங்கவங்க பேர்லயே. பத்து மணிக்குள்ள. சட்டப்படி இதுல ஓட்ட எங்கே?”

“மச்சான், இது ஏமாத்து இல்லையா?”

“ஏமாத்தா! நெசமாவே உனக்கு லீவு வேணும். நெசமாவே ஒருத்தர் குடுக்கிறாரு. முப்பத்திரண்டு வருஷத்துல நாம காட்டின முதல் நெசமான செயல்விளக்கம் இதுதான்டி.”

இப்படித்தான் அவள் கப்பல் ஏறினாள். பிஸ்கட்காரர் ஒரு பெட்டி நிறைய பிஸ்கட்டுடன் ஏறினார். காலர் விறைத்த வெள்ளைச் சட்டையில் மகள் மேலே நின்றாள். இவர்களைத் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் அசைத்தாள்.

முதல் நாள் ஒரு சோப்பு ஆலையின் தலைவர் விடுப்புக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒரு கல்லூரி முதல்வர். மூன்றாம் நாள் ஒரு நாளிதழ் ஆசிரியர்; காரணம் என்ற கட்டத்தில் ‘மகள் கப்பல் ஓட்டுகிறாள்’ என்று பார்த்துவிட்டு, “பத்து நாள் போதுமா?” என்று கேட்டாராம். தினமும் காலையில் அவள் மேல்தளத்தில் கைபேசியை உயரப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ‘நல்வரவு, இன்று உங்கள் முதல் நாள்’ வரும். பிறகு, ‘உங்கள் விடுப்புக்கு ஒப்புதல் கிடைத்தது’ வரும். பிஸ்கட்காரர் கைதட்டுவார். என்ன ஏதென்று தெரியாமல் சுற்றி நிற்கிறவர்களும் தட்டுவார்கள்.

ஆறாம் நாள் நல்வரவு மட்டும் வந்தது.

வெயில் ஏறியது. மச்சானிடமிருந்து அழைப்பு, குரலில் எதிரொலி.

“எங்க இருக்கீங்க?”

“கழிப்பறைல. புது முதலாளியம்மா சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. எல்லாரையும் கூட்ட அறைக்குள்ள போட்டுட்டாங்க. வெளிய ஒருத்தனும் போகல. இன்னைக்குச் செயல்விளக்கமே கெடையாது.”

“பத்து மணிக்கு எவ்வளவு இருக்கு?”

“கேக்காத.” கதவு தட்டும் சத்தம். இணைப்பு அறுந்தது.

அவள் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் அவளை நீக்கியிருப்பார்கள்! ஒருத்தரும் மனதார நீக்கியதில்லை. இன்றைக்கு நீக்கப்போவதும் மனிதரில்லை. பிஸ்கட்காரர் ஒரு பிஸ்கட்டை அவள் கையில் வைத்தார்.

கூட்ட அறையில் நடந்ததை மச்சான் பிறகு பல தடவை, பல விதமாகச் சொன்னார். எல்லா விதத்திலும் பொதுவானது இது. முதலாளியம்மா, “நான் வாங்கின பொருள நான் இன்னும் பாக்கவே இல்லையே, காட்டுங்க,” என்றார். மேலாளர் எழுந்து திரையைப் போட்டார். அவள் வந்தாள், சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு.

“யாரு இது? என்னத்தப் பாத்து இப்படிச் சிரிக்கிறா?”

மேலாளருக்குத் தெரியவில்லை. கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. கடைசி வரிசையில் மச்சான் எழுந்தார். “என்னைப் பாத்துதாங்க. நாற்காலிலேருந்து விழுந்துக்கிட்டிருந்தேன். அந்த ஓரத்துல இருக்கிறது என் கட்டைவிரல்.”

அறை சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, விடுப்புப் பக்கத்தைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் தானே தட்டினார்: மகள் கப்பல் ஓட்டுகிறாள். கையில் வைத்திருந்த அந்த ஒரே ஒப்புதலைக் கொடுத்தார்.

“இவ்வளவு சுலபமா?” என்றார் முதலாளியம்மா. “தள்ளுங்க, நானும் ஒண்ணு அழுத்திப் பாக்கிறேன். பதவி உயர்வு எங்க இருக்கு? இன்னும் மேல. இன்னும் மேல. இதுக்கு மேல இல்லையா? சரி, அதையே குடுங்க.”

கப்பலில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. விடுப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. கம்பெனியின் தலைமைப் பொறுப்பை ஏற்றதற்கு வாழ்த்துகள்.

அவள் இரண்டையும் உரக்கப் படித்தாள். பிஸ்கட்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். மகள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். “அங்க என்ன கூத்து?”

“உங்கம்மாவும் கேப்டன்டி!” என்று கத்தினார் அவர். “ஒரு நாளைக்கு!”

மச்சான் மறுபடி அழைத்தார். “உத்தரவு, மேடம்?”

அவள் ஏற்கெனவே திரையை உருட்டிக்கொண்டிருந்தாள். நிலுவையில் கிடந்த விடுப்புக் கோரிக்கைகள் எல்லாம் வரிசையாக அவளிடம் வந்திருந்தன. பொறியாளர்கள், காவலாளி, மாடியில் ஜன்னல் துடைப்பவர். பச்சைப் பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் விவரம் விடியலில் அழியாது. மேலாளர் பெயரில் ஒன்று இருந்தது. எட்டு மாதமாக ஒப்புதல் தர ஆள் இல்லாமல் கிடந்தது. காரணம்: எதுவுமில்லை, சும்மா. அதையும் அழுத்தினாள்.

“என்னோடது பாத்தியா?” என்றார் மச்சான். “கீழ எங்கயோ இருக்கும்.”

“உங்களுக்கு மட்டும் கெடையாது. நீங்களும் போயிட்டா நாளைக்கு எனக்கு யாரு லீவு குடுக்கிறது?”

மறுநாள் விடியும்போது தொலைவில் ஒரு தீவு சாம்பல் நிறத்தில் எழுந்துகொண்டிருந்தது. மகள் அவளைச் சுக்கான் அறைக்குள் அழைத்து, எதையும் தொடாமல் ஒரு மூலையில் நிற்கச் சொல்லியிருந்தாள். கைபேசி அதிர்ந்தது. அவள் படித்தாள். வயது இருபத்தொன்று. தயக்கம் வேண்டாம்.

“வேலைக்குச் சேந்துட்டியா?” என்றாள் மகள், கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“இப்பதான்.”

“அப்ப இத இழு.”

கப்பல் சங்கின் கயிறு. இழுத்தாள். தீவிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின.