எனக்கென்று ஒரு பாக்ஸ்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இதைச் சொன்னதும் காரைக்காலில் பெரும்பாலோர் கேட்கும் அடுத்த கேள்வி, "அதுல பாட்டு வருமா?" என்பதுதான். வராது. நான்கு தடித்த கம்பிகள். பாட்டுக்கும் தாளத்துக்கும் அடியில் ஓடுகிற கனத்த சத்தம். இருந்தால் தெரியாது, இல்லாவிட்டால் எதுவோ குறைகிறது என்று மட்டும் தோன்றும். பகலில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் இருக்கிறேன். அங்கேயும் யாரும் என்னைத் தேடி வருவதில்லை, காகிதத்தைத் தேடித்தான் வருகிறார்கள். இரண்டு வேலைக்கும் என் சுபாவம் ஒத்துப்போயிருந்தது.

மேடையில் எனக்கென்று ஒலிப்பெட்டி எதுவும் இருந்ததில்லை. மைக் செட்காரர் ஒரு நீள வயரைக் கொடுப்பார். ஒரு முனையை என் கிட்டாரில் சொருகுவேன். மறுமுனை, எல்லோருக்கும் இடம் ஒதுக்கிய பிறகு அவருடைய மிக்ஸரில் மிச்சமிருக்கும் கடைசி ஓட்டைக்குள் போகும். அதற்குப் பிறகு நான் அவர் கையில். பாடகருக்கு எக்கோ எவ்வளவு வைப்பது என்பதில் அவர் காட்டும் அக்கறையில் கால்வாசி கூட எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்பீக்கர் பாக்ஸ்களையும் மேடை ஓரத்தில் வைக்க மாட்டார். ஊர் முழுக்கக் கேட்கவேண்டும் என்று, ஜனங்களைத் தாண்டித் தெருமுனையில் கொண்டுபோய் அடுக்குவார். எங்கள் பக்கத்துத் திருவிழாக் கமிட்டிகள் பாக்ஸ் அடுக்கின் உயரத்தைப் பார்த்துத்தான் திருப்திப்படும். டிரம்ஸ்காரர் அடிப்பது மட்டும் மேடையிலேயே நேராகக் காதில் விழும். என் சத்தத்தை நான் கேட்கவேண்டுமென்றால் அது தெருமுனைக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படிக் கேட்டுத்தான் வாசித்தேன்.

குழுவை நடத்துபவரே முக்கியப் பாடகரும். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார், அவருடைய அண்ணன்கள் துபாயில் இருக்கிறார்கள். கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, கல்யாண வரவேற்பு எல்லாவற்றுக்கும் அவர் குரல் பொருந்திவரும். என்னைவிட இளையவர். ஒரு வரவேற்பு முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. கீபோர்டு தம்பி இடது கையாலேயே பேஸையும் சேத்து வாசிச்சிடுறாரு. நீங்க வாசிக்கிறது கீழ யாருக்கும் கேக்கவும் மாட்டேங்குது. வேன்லயும் இடம் பத்தல."

"அதுக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்லண்ணே. வர்ற ஆடி சீசன் போவட்டும். அப்புறம் இன்ஷா அல்லாஹ் பாத்துக்குவோம்."

பார்த்துக்கொள்வோம் என்றால் என்ன அர்த்தம் என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் குழுவை விட்டால் கிட்டாரோடு நான் போய் உட்கார இந்தப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது. தனியாக வாசித்துக் காட்டக்கூடிய வாத்தியமும் இல்லை அது. கூட நாலு பேர் இருந்தால்தான் அதற்கு உயிர்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை என்பதுதானே புகார், கேட்கும்படி செய்துவிட்டால் என்ன? எனக்கென்று சொந்தமாக ஒரு காம்போ வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் குழுவில் அதையும் பாக்ஸ் என்றே சொல்வார்கள். பின்னால் வைத்துக்கொண்டு வாசித்தால் மேடையில் இருப்பவர்களுக்காவது நான் இருப்பது தெரியும்.

முடிவு செய்வது சுலபமாக இருந்தது. தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. யூடியூபில் வெள்ளைக்காரர்கள் கம்பளம் விரித்த அறைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக வாசித்துக் காட்டினார்கள். எல்லாமே நன்றாக இருந்தன. அவர்களில் ஒருவர்கூட, ஜெனரேட்டர் இருமும்போது இந்தப் பெட்டி என்ன ஆகும் என்று சொல்லவில்லை. கடற்கரை மேடையில் உப்புக்காற்று பட்டால் பின்பக்க ஆணிகள் எத்தனை நாள் தாங்கும் என்றும் சொல்லவில்லை. பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கரா, பத்து இஞ்ச் ஸ்பீக்கரா என்று கீழே கமெண்டுகளில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். அதை வாசித்து வாசித்து, எதிலும் நம்பிக்கையில்லாத நிலைக்கு வந்து சேர்ந்தேன்.

என் மனைவிக்கு இதில் ஒரே ஒரு அளவுகோல்தான். நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடி வீடு. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது.

"எதை வேணா வாங்குங்க. படியில நீங்களே தூக்கிட்டு ஏறணும். பாதிப் படியில நின்னுகிட்டு என்னைக் கூப்பிட்டீங்கன்னா வரமாட்டேன்."

வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும்விட அவள் சொன்னதுதான் உருப்படியாக இருந்தது.

ரயிலில் திருச்சிக்குப் போனேன். கடையில் கண்ணாடி அறை ஒன்றுக்குள் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நான் எதையும் வாசிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். விற்பனையாளர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார்.

"சார், வாசிச்சுப் பாக்கலயா?"

"வாசிக்கிறது அப்புறம். மொதல்ல வீட்டுக்குப் போய்ச் சேரணும்ல."

பதினைந்து இஞ்ச் பெட்டி அற்புதமாக இருந்தது. ஒரு கம்பியைத் தட்டினால் நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கியது. ஆனால் அதை ஒருக்களித்துத் தூக்கும்போதே தையல் போட்ட இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. பத்து இஞ்ச் பெட்டியைச் சாப்பாட்டுக் கூடை போல ஒரு கையில் எடுக்கலாம், சத்தமும் கூடைக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்தது. நடுவில் பன்னிரண்டு இஞ்சில் ஒன்று இருந்தது. எடை குறைவு. பின்னால் சாய்த்து வைக்க மடக்குக் கால் இருந்தது, சத்தம் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும். மைக் செட்காரருக்கு வயர் கொடுக்க ஒரு தனி வாயும் இருந்தது. அதனால் ஜனங்களுக்குக் கேட்கவைப்பது அவர் பொறுப்பாகவே இருக்கும், எனக்கு நான் கேட்டால் போதும். திறந்த வெளியில் இந்த மாதிரி ஒரு பெட்டியை வைத்து ஊரை நிரப்ப முடியாது என்பது மட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அதையே வாங்கினேன். படியில் ஒரு இடத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்கினேன். மனைவி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை.

பாக்ஸோடு முதல் கச்சேரி பட்டினச்சேரியில், மீனவர்களின் அம்மன் கோயில் திருவிழா. பேரல்கள் மேல் பலகை போட்டுக் கட்டிய மேடை. பாக்ஸை எனக்குப் பின்னால் சாய்த்துவைத்து, பலகை அதிராமல் இருக்க அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டேன். முதல் பாட்டு தொடங்கியது. என் சத்தம் என் முதுகிலிருந்து, நான் விரல் வைத்த அதே கணத்தில், முழுசாக வந்தது. எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷமாக இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேனா என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு சரணம் வரைக்கும்கூட நீடிக்கவில்லை. டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த பாட்டிலும் பார்த்தார். மூன்றாவது பாட்டில் அடித்துக்கொண்டே கத்தினார்.

"அண்ணே, எங்க ஓடுறீங்க? நில்லுங்க!"

நான் எங்கும் ஓடவில்லை, எப்போதும் போலத்தான் வாசித்தேன். பாடகரும் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பாட்டின் நடுவே அவர் என் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. மிச்சக் கச்சேரியை, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன்.

கச்சேரி முடிந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் விளங்கியது. அரசலாற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துணி கல்லில் விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் பிறகுதான் வந்து சேரும். தெருமுனைப் பாக்ஸிலிருந்து என் சத்தமும் அப்படித்தான் மேடைக்குப் பிந்தி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கேட்கும் டிரம்ஸோடு அது சேர்ந்து விழவேண்டும் என்று, எனக்கே தெரியாமல், எல்லா ஸ்வரத்தையும் ஒரு துளி முன்னாலேயே வாசிக்கப் பழகியிருக்கிறேன். என் காதுக்கு அது சரியாக இருந்தது. தெருவில் இருந்தவர்களுக்கு இருபது வருஷமாக நான் முந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். யாருக்கும் கேட்காமல் போனதால் பிழைத்தேன். கேட்கவேண்டும் என்று தேடித் தேடி ஒரு பெட்டியை வாங்கி, என் தப்பை நானே எல்லோருக்கும் கேட்கவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, ஆனால் வெட்கம்தான் அதிகம்.

அதற்குப் பிறகு தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் பாக்ஸின் முன்னால் உட்கார்ந்தேன். செல்போனில் தாளத்தை ஓடவிட்டு, அது விழுந்த பிறகு விரலை வைக்கப் பழகினேன். முந்திக்கொள்வது என்பது ஒரு அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன். அது விரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பழக்கமாக இருந்தது, எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். காதை நம்புவதை விட்டேன். டிரம்ஸில் பெரிய முரசை அடிப்பது வலது காலால்தான். கச்சேரி வீடியோக்களில் அந்தக் காலை மட்டும் பார்த்து, அது இறங்கும்போது நானும் இறங்கினேன். மனைவி சமையலறையிலிருந்து, "இப்ப கொஞ்சம் நிதானமா இருக்குற மாரி இருக்கு" என்றாள். என் வாசிப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் கருத்து அது.

அப்போது பாடகர் போன் செய்தார்.

"அண்ணே, நெடுங்காட்டுல ஒரு கச்சேரி. அந்த பாக்ஸ் ஒண்ணு வாங்கினீங்கல்ல, அன்னிக்கு மேடையில சத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு. வேன் உங்க தெரு வழியாத்தான் வரும். அதை மட்டும் ஏத்தி விட்டுடுங்க. கீபோர்டு தம்பி அதுல போட்டுக்குவாரு."

"அதை மட்டுமா?"

"ஆமாண்ணே. நீங்க ஏன் சிரமப்பட்டுகிட்டு."

போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது வீண்போகவில்லை. பெட்டி வேண்டும் என்றார்கள், நான் வேண்டாம் என்றார்கள். இதைவிடச் சரியாக எந்தக் கடைக்காரனும் ஒரு பொருளை மதிப்பிட முடியாது.

வேன் வந்தபோது பாக்ஸோடு கீழே இறங்கினேன். தோளில் கிட்டாரும் இருந்தது. பாக்ஸைப் பின்னால் ஏற்றிவிட்டு நானும் ஏறி உட்கார்ந்தேன். பாடகர் முன் சீட்டிலிருந்து திரும்பி ஏதோ சொல்ல வந்தார், பிறகு டிரைவரிடம் ஏசி பற்றிப் பேசினார். கீபோர்டு தம்பி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நெடுங்காடு போகும்வரை வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது.

அந்த பாக்ஸில் வாத்தியத்தின் வயரைச் சொருக ஒரே ஒரு ஓட்டைதான். கீபோர்டு தம்பி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது என் வயர் அதில் இருந்தது. அவர் பாடகரைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. டிரம்ஸ்காரரின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியது, நானும் இறங்கினேன்.

மெதுவான ஒரு பாட்டில் பாடகர் சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே போனார். அது அவர் வழக்கம், எங்கே விடுவார் என்று அவருக்கே தெரியாது. நானும் அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விட்டபோது விட்டேன். கீபோர்டு தம்பியின் இடது கை எப்போது கட்டையிலிருந்து எழுந்தது என்று கவனிக்கவில்லை. நான் பார்த்தபோது அந்தக் கையால் அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாடகர் என்னிடம் வந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இன்னிக்குப் பாட சுகமா இருந்துச்சுண்ணே."

நான் வயரைச் சுருட்டினேன்.

"வர்ற வெள்ளிக்கெழம நெரவியில. வேன் வரும், வந்துடுங்க."

"சரி தம்பி. பாக்ஸையும் எடுத்துட்டு வர்றேன்."

"அது உங்க இஷ்டம்ணே" என்றார்.