ஆவணி பிறந்ததும் வருவதாக இருந்த கார்

"நல்ல புடவையா கட்டிண்டு வா. ஏன், எதுக்குன்னு கேக்காதே" என்று அக்கா போனில் சொன்னாள். வரச் சொன்ன இடம் தி.நகரில், பனகல் பார்க் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக்கடை வாசல்.

கோபாலபுரத்திலிருந்து ஆட்டோவில் போகும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல். ரகசியம் என்றாலே எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் அதுதான் மூச்சு. பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ஆர்டர் கைக்கு வரும்வரை, பெண்ணுக்கு வரன் அமைந்தால் நிச்சயதார்த்தம் முடியும்வரை ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம்.

கடை வாசலில் அக்கா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். கையில் கூடை. அதில் சாமந்தி மாலை, தேங்காய், கற்பூரம், சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம். யார் வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நமக்குக் கார் விழுந்திருக்குடி" என்றாள்.

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தபோது கூப்பனில் பேரும் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டாளாம். சில நாளில் போன் வந்ததாம், முதல் பரிசு உங்களுக்குத்தான் என்று. வாட்ஸப்பில் வந்த கடிதத்தைக் காட்டினாள். கடைப் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஜோராக இருந்தன. ஆடியில் கூப்பன் போடாத வீடு இந்த ஊரில் ஏது? குருட்டாம்போக்கில் யாரைக் கூப்பிட்டாலும், ஆமாம், போட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

"பணம் ஏதாவது கட்டினியா?" என்றேன்.

"வரி மட்டும்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ்" என்றாள். அதற்கும் பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டு, "கோடவுன் வாடகை" என்றாள்.

ஆடி மாதத்தில் யாராவது புது வண்டி எடுப்பார்களா? ஆவணி பிறக்கட்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். போன் செய்த அந்தப் பாவியும் தாராளமாகச் சரி என்றிருக்கிறான். அதுவரை காரை நிறுத்திவைக்கத்தான் வாடகையாம். அவசரப்படுத்துகிறவன்தான் திருடன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இவன் பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருந்தான். இன்றைக்குக்கூட ராகு காலம் தாண்டித்தான் வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

இது வெறும் ஆசை என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அத்திம்பேருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மந்தைவெளியிலிருந்து அடையாறுக்குப் பிசியோதெரபிக்கு அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். அதற்காகத்தான் இந்தக் கார். அவள் கட்டியதும் அந்த சிகிச்சைக்கு வைத்திருந்த பணம்தான். இன்னும் ஒரு தொகை கட்டினால் டிரைவர் வண்டியோடு கிளம்பிவிடுவானாம். அதையும் கட்டினால் சிகிச்சைப் பணம் துடைத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். அவள் விரல் போன் திரையில்தான் இருந்தது.

நான் போனைப் பிடுங்கினேன். "நோக்குப் பொறாமை" என்றாள். என் அக்கா, என் முகத்தைப் பார்த்து, நடுத்தெருவில் அப்படிச் சொன்னாள். கையைப் பிடித்துத் தரதரவென்று கடைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் தெற்கத்திக்காரர். அக்காவின் கூடையைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேரு இப்படி மாலையோட வந்துட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார். நான் நீட்டிய அக்காவின் போனை வாங்கிப் பார்த்தார். "நாங்க காரே குடுக்கலை. மிக்ஸி, குக்கர், வெள்ளிக் காசு, அவ்வளவுதான். பரிசு விழுந்தவங்ககிட்ட ஒத்தப் பைசா கேக்க மாட்டோம். பணம் யாரு பேருக்குப் போயிருக்குன்னு பாருங்க, ஏதோ தனி ஆளு பேரு. கடை பேரா அது?"

அக்கா என் காதில், "இவருக்குத் தெரியாதுடி. ஹெட் ஆபீஸ் விஷயம், கடைல யாருக்கும் தெரியாதுன்னு அவர் முன்னாடியே சொன்னார்" என்றாள்.

மேனேஜர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். பில் போடும் இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போய் கூப்பன் பெட்டியைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டி வாய்வரை நிறைந்திருந்தது. பூட்டு தொங்கியது. "குலுக்கல் தீபாவளிக்குத்தான்மா. இன்னும் தொறக்கவே இல்ல" என்றார்.

அக்கா அந்தப் பூட்டையே பார்த்தாள். பிறகு புடவை பார்க்கிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வங்கிக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் நான் அங்கிருந்தே போன் செய்தேன். கட்டியது திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மிச்சப் பணமாவது தப்பித்தது.

அப்போது, நான் அவள் பக்கத்தில் வைத்திருந்த அவள் போன் அடித்தது. அவன்தான். நான் தடுப்பதற்குள் எடுத்துவிட்டாள். எட்டி ஸ்பீக்கரை அழுத்தினேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தயாராக இருந்தேன்.

"அம்மா, பணம் இன்னும் வரலியே. வண்டி ரெடியா நிக்குது" என்றான். இளம் குரல், அவ்வளவு பணிவு. அக்கா கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, சாருக்கு உடம்பு முடியலையா? கை எப்படி இருக்கு இப்போ?" என்றான்.

கட் பண்ணு என்று நான் ஜாடை காட்டினேன். அக்கா போனை வாய்க்கருகில் கொண்டுபோனாள்.

"ஒரு வாரமா டம்ளரைத் தானே பிடிச்சுண்டு காபி குடிக்கறார்" என்றாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு அந்தச் செய்தி தெரியாது. ஒரு வருஷமாக நாங்கள் எல்லோரும் சாமியை வேண்டிக்கொண்டிருந்தது அதற்குத்தான். கண் பட்டுவிடும் என்று எங்களில் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, அதை அவள் முதலில் அவனிடம்தான் சொன்னாள்.