கணுக்காலில் கட்டிய அங்கிள்

ஷார்ஜாவில் ஒரு மாலின் மூன்றாம் நம்பர் வாசலில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதுதான் என் உத்தியோகம். தோளில் பட்டை, தலையில் தொப்பி, இடுப்பில் வாக்கிடாக்கி, கழுத்தில் விசில். இந்த வேஷத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, நான் இந்த நாட்டுப் போலீசில் ஏதோ பெரிய பதவியில் இருப்பதாக எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் மறுத்துச் சொன்னதில்லை. மறுத்தால் பேசுகிறவர்கள் மனது கஷ்டப்படும்.

என் லட்சணத்தை முதலில் கண்டுபிடித்தது ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. நம்ம ஊர்ப் பிள்ளைதான். ஆனால் இங்கே வளர்கிற பிள்ளைகள் தமிழை லீவுக்கு ஊருக்குப் போகும்போது மட்டும்தான் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அங்கிள், உங்க கன் எங்கே?”

“கன் கிடையாதும்மா.”

“அப்போ திருடன் வந்தா?”

“விசில் ஊதுவேன்.”

அவள் விசிலைப் பார்த்தாள். பிறகு என்னை, தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் பார்த்தாள். அப்பாவிடம் ஓடிப் போய், “டாடி, இந்த அங்கிள் கதவுக்கு மட்டும்தான்” என்று அறிக்கை கொடுத்தாள். என்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் விவரித்தது கிடையாது.

அன்று ரோலா பகுதியில் எங்கள் ரூமுக்குத் திரும்பியதும் இதைச் சிரிப்பாகச் சொன்னேன். சொன்னது தப்பு. என் பக்கத்துக் கட்டில்காரன் தூத்துக்குடிப் பக்கத்து ஆள், அதே மாலில் இரண்டாம் நம்பர் வாசல். அவனுக்கு ஒரு வியாதி இருந்தது. அமெரிக்காக்காரர்கள் துப்பாக்கியை உடம்பில் எங்கெங்கே ஒளித்து வைப்பது என்று விளக்குகிற வீடியோக்களை, மற்றவர்கள் சமையல் வீடியோ பார்ப்பதுபோலப் பார்ப்பான். தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கியை யாராவது சுட்டால் காதைப் பொத்துகிற ஆள். அதனாலென்ன? ஞானத்துக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமா இருக்கிறது?

“அண்ணாச்சி, இடுப்புல வச்சா எவனும் கண்டுபிடிச்சிருவான். அங்கிள்ல கட்டணும் வே!”

“எந்த அங்கிள்?”

“அட, கணுக்கால் வே! நீரு எவன் காலையாவது பாத்துட்டு நடக்கீரா? மூஞ்சியத்தான பாப்பீரு? காலை எவனும் பாக்க மாட்டான். அதான் முதல் வசதி.”

அதன்பிறகு ஒரு வாரத்துக்குப் பாடம் நடந்தது. உட்கார்ந்திருக்கும்போது, காருக்குள் மாட்டிக்கொண்டால், கீழே தள்ளிவிடப்பட்டுக் கிடந்தால், கணுக்கால்தான் கைக்குக் கிட்ட இருக்கிற இடமாம். மூன்றுமே எனக்குப் பொருந்தவில்லை. டியூட்டியில் உட்காரக் கூடாது, கார் கிடையாது, கீழே தள்ளுகிற அளவுக்கு என்னை யாரும் பொருட்படுத்தியதும் இல்லை. இடைஞ்சல்களையும் அவனே சொன்னான். எடுப்பதற்குக் குனிய வேண்டும், ஓடினால் ஒரு கால் கனக்கும், பேன்ட் அகலமாக இருக்க வேண்டும், வியர்த்தால் அரிக்கும்.

“தம்பி, இந்த ஊர்ல பொம்மைத் துப்பாக்கியோட நின்னாலே முதல்ல ஜெயில், அப்புறம் பிளைட். நீ யாரைச் சுடப் போற?”

“சுடதுக்கா சொல்லுதேன்? அறிவு வளரட்டும்னுதான்.”

வளர்ந்தது. அதை நான் பயன்படுத்துவேன் என்று மட்டும் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அந்த வருஷம் என் மகளுக்கு எஞ்சினியரிங் கவுன்சிலிங். வீட்டில் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது என் மனைவி தன் போன் நம்பரைக் கொடுக்கப் போனாள். நான் இங்கிருந்து தடுத்தேன். “குடும்பத் தலைவர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? என் நம்பரைப் போடு.” போட்டார்கள். ஆகவே ஓடிபி எல்லாம் என் இந்திய சிம்முக்குத்தான் வரும். அந்த சிம் ஷார்ஜாவில் என் போனுக்குள் இருந்தது. கம்பெனி விதிப்படி டியூட்டி நேரத்தில் போன் லாக்கருக்குள் இருக்க வேண்டும். குடும்பத் தலைவர் வாசலில் இருப்பார்.

நல்ல காலேஜ் ஒன்று மகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ‘சம்மதம்’ என்று உறுதி செய்யாவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்று முழுக்கச் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர உள்ளே விடவில்லை. இந்திய நேரம் ஐந்து மணி என்றால் எங்களுக்கு மூன்றரை. நடு டியூட்டி. லீவு கேட்டேன். மறுநாள் ஒரு பெரிய கம்பெனி முதலாளி மாலில் அத்தர் கடை திறக்க வருகிறார், யாருக்கும் லீவு மாஃபி என்றார் எங்கள் சூப்பர்வைசர். அவர் கேரளத்துக்காரர், ‘கிடையாது’ என்பதை மட்டும் எப்போதும் அரபியில்தான் சொல்வார்.

போனை எடுத்துப் போய் மாட்டினால் வார்னிங் லெட்டர். ஏற்கனவே என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, சுவரில் சாய்ந்ததற்கு. இன்னொன்று, சாயவில்லை என்று வாதாடியதற்கு. மூன்றாவது வந்தால் கலாஸ். விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். சீட்டு கிடைத்தாலும் பீஸ் கட்ட ஆள் இருக்காது.

பக்கத்துக் கட்டில்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி... அங்கிள்?”

“அங்கிள்” என்றேன்.

ரோலாவில் தெரிந்த தையல்காரர் ஒருவர் இருந்தார். மருந்துக் கடையில் வாங்கிய முழங்கால் எலாஸ்டிக் உறையை வெட்டி, போன் செருகப் பை வைத்து, வெல்க்ரோ ஒட்டி, அரை மணியில் கொடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, நரம்புச் சுருட்டு என்றேன். “நரம்புக்கு எதுக்குங்க பாக்கெட்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பேன்ட்டின் கீழ்த் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் அகலப்படுத்தினோம். ஒரு கால் மட்டும் அகலமாக இருந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டையும் அகலப்படுத்தியதில், பழைய காலத்துக் கல்யாண போட்டோவில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்தே அந்த அமெரிக்காக்காரர்கள் மேல் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. இதைக் கட்டிக்கொண்டு ஒருவன் எதிரியைத் துரத்துவானாம்! பத்தடி நடந்தாலே அது கணுக்கால் எலும்பில் தட்டுகிறது. நின்றால் அரிக்கிறது. நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, நடக்கும்போது மறு பக்கம் இழுத்து, இடது காலில் குடும்பமும் வலது காலில் கம்பெனியுமாக நான் வாசலைக் காத்தேன். காலை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் பொய். எல்லோரும் என் காலைத்தான் பார்ப்பதாக எனக்குப் பட்டது. அதற்குக் காரணம், நானே ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

போதாததற்கு வாக்கிடாக்கியில் பக்கத்துக் கட்டில்காரன் வேறு அரை மணிக்கு ஒரு தரம்: “கேட் மூணு, அங்கிள் ஓகேவா?”

“அங்கிள் ஓகே.”

“அங்கிள் ஏதும் பேசினாரா?”

“இன்னும் இல்லை.”

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் நேரிலேயே வந்துவிட்டார். “யாராணு இந்த அங்கிள்? காலையிலேந்து கேக்கறேன். டியூட்டி டைமில் ரிலேட்டிவ்ஸ் கூடாது, கேட்டோ.” பிறகு என் பேன்ட்டைப் பார்த்தார். “இதெந்தா? காலில் குடை விரிச்சிருக்கு?”

“வெயிலுக்கு, சார்.”

திட்டம் இதுதான்: கால் அதிர்ந்தால் வயிற்றுக்குச் சரியில்லை என்று டாய்லெட்டுக்குப் போவது, போனை உருவுவது, ஆறு நம்பரை மகளுக்கு அனுப்புவது. ஓடிபிக்கு ஆயுசு பத்து நிமிஷம். தாராளம்.

மூன்று மணிக்கு முதலாளி வந்து இறங்கினார், என் வாசலில்தான். முன்னாலும் பின்னாலும் பூச்செண்டுக்காரர்கள். பக்கத்தில் ஒரு பாடிகார்டு, காதில் சுருள் வயர், கோட், கதவளவு நெஞ்சு. முதலாளி என்னைத் தாண்டிப் போய்விட்டார். பாடிகார்டு தாண்டவில்லை. நான் ஒரு காலை இழுத்து வழிவிட்டதைப் பார்த்தார். பேன்ட்டின் அடியைப் பார்த்தார். மெதுவாக என் முழங்கையைப் பிடித்து, சாமான் ஏற்றுகிற லிப்ட் இருக்கும் பின்பக்க நடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோடு நிறுத்தினார்.

“வாட் இஸ் இன் யுவர் ஆங்கிள்?”

எனக்கு ஆங்கிலமே அவ்வளவுதான். அதிலும் பயத்தில் காது அடைத்திருந்தது. என் அங்கிளைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று ஓடவில்லை. ஆனாலும் பெரியவர் கேட்டால் பதில் சொல்வதுதானே முறை? எனக்கு இருப்பது ஒரே ஒரு மாமா, புதுக்கோட்டைப் பக்கம்.

“அங்கிள் வில்லேஜ், சார். சுகர் பேஷண்ட்.”

“ஆங்கிள்! ஆங்கிள்!” என்று பல்லைக் கடித்தார்.

“இன்சுலின் போடுறார், சார்.”

அந்த நேரம் பார்த்து என் கால் அதிர்ந்தது.

பாடிகார்டு ஓரடி பின்னால் குதித்தார். அந்தக் காலில் துப்பாக்கி இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. துப்பாக்கி அதிராது என்பது அவருக்குத் தெரியும். அதிர்கிற சாமான்கள் அதைவிட மோசமானவை என்பதும் தெரியும். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அவரே முட்டி போட்டு, என் குடையை மெல்ல உயர்த்தினார். முழங்கால் உறை, அதில் பாக்கெட், பாக்கெட்டில் மூலை உடைந்த போன். அதை உருவி எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இத்தனை கேவலமான ஆயுதத்தை அவர் வாழ்நாளில் பறிமுதல் செய்திருக்க மாட்டார்.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். போனைப் பார்த்தார். “டியூட்டியில் மொபைல்! தேர்ட் லெட்டர். கலாஸ்.”

கை தூக்கியபடியே நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பதினெட்டு. பாதி இந்தி, பாதி தமிழ், கொஞ்சம் கண்ணீர் கலந்து கொட்டினேன். “பாய், பேட்டி... காலேஜ்... ஓடிபி!”

மகள், காலேஜ் என்ற இரண்டுக்கும் அந்த முகம் அசையவில்லை. ஓடிபி என்றதும் அசைந்தது. இந்த வளைகுடாவில் எந்த நாட்டுக்காரனுக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத வார்த்தை அது ஒன்றுதான். அவர் திரையைப் பார்த்தார். ஆறு நம்பரும் மேலேயே தெரிந்தன.

“கித்னா டைம் ஹை?”

“பாரா மினிட், சீட்டு கயா!” பன்னிரண்டு நிமிஷத்தில் சீட்டு போய்விடும் என்பதை என் இந்தி அப்படித்தான் சொல்லியது.

சீக்கிரம் அனுப்பச் சொல்லிப் போனை என் கையில் திணித்தார். “ஜல்தி பேஜோ.” சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாடிகார்டு திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வாய் மூடிக்கொண்டது. ஒரு ஆளுக்கு நெஞ்சகலம் இருந்தால் துப்பாக்கி எதற்கு?

அவசரத்தில் ஒரு நம்பரைத் தப்பாக அடித்தேன். ‘தப்புன்னு வருதுப்பா’ என்று மகள் அனுப்பினாள். மறுபடி ஓடிபி கேட்டாள். அது வர நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷமும் மூன்று பேர் லிப்ட் வாசலில் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். இந்தத் தடவை பாடிகார்டு வாய்விட்டுப் படித்தார், நான் அடித்தேன், சரிதானா என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். மூன்று இருபத்தேழுக்குப் பதில் வந்தது: ‘கன்பார்ம் ஆயிடுச்சுப்பா.’

பாடிகார்டு தன் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேல் வளையமாகத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. அவர் நாட்டில் பதினோரு வருஷம் அங்கே துப்பாக்கி கட்டியிருந்தாராம். இங்கே வந்ததும் எல்லாருக்கும் மாதிரி அவருக்கும் கிடையாது. “ஒரு தடவைகூட எடுத்ததில்லை பாய். குனிஞ்சு எடுக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். மிச்சம் இந்த அரிப்புதான்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, முதலாளியைத் தேடிப் போனார். பக்கத்துக் கட்டில்காரனின் அத்தனை வீடியோக்களும் ஒரு சொறியில் முடிந்துவிட்டன.

சூப்பர்வைசர் போகவில்லை. “லெட்டர் எழுதியே ஆகணும். கேமராவில் இருக்கு” என்றார். ஆபீசில் உட்கார்ந்து, ‘மொபைல் கண்டெடுக்கப்பட்ட இடம்’ என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“ஆங்கிளுக்கு ஸ்பெல்லிங் எந்தா? ஏயா, யூவா?”

என்னிடமா கேட்பது? “யூதான், சார். எங்க ஊர்ல எல்லாரும் யூதான் போடுவாங்க” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். டிகிரி படித்தவர் என்று கேள்வி. பிறகு யூ போட்டார்.

மூன்று நாள் தலைமை ஆபீஸ் முடிவுக்காகக் காத்திருந்தேன். மகள் காலேஜ் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நாலாம் நாள் தலைமை ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. என் பக்கத்துக் கட்டில்காரன்தான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். மொபைல் காவலாளியிடம் இல்லை, அவருடைய மாமாவிடம் இருந்ததாகத் தெரிகிறது. எனவே மூன்றாவது வார்னிங் பொருந்தாது. ஆனால் உறவினர்களை வாசலில் நிறுத்தி வைப்பது விதிக்குப் புறம்பானது, காவலாளிக்கு அறிவுரை வழங்கப்படுகிறது.

“அண்ணாச்சி,” என்றான் அவன், காகிதத்தை இறக்காமல், “நான் அப்பவே சொல்லலயா, அங்கிள்தான் சேப்டின்னு?”

கீழே ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தது. இனிமேல் அங்கிளை டியூட்டிக்கு அழைத்து வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.