கனகலிங்கத்தாரின் பழைய கடல்

கோலாலம்பூரில் வாங்கிய பல் பிரஷினால் கனகலிங்கத்தார் சிப்பிக்குப் பல் தீட்டிக்கொண்டிருக்கிறார். தம்முடைய பல்லுக்கு உமிக்கரி போதும். றோட்டுப் போடக் குவித்த கல்லில் பொறுக்கிய சிப்பி அது. உள்ளங்கையை நிறைக்கும், கல்லாகவே மாறிவிட்டது. வரிகளுக்குள் இருக்கும் மண்ணைக் கிளறி, செம்புத் தண்ணீரை ஊற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்து, "ஆகா, என்ன வடிவு!" என்கிறார். மனைவி குணலட்சுமியைப் பார்த்து இந்த வார்த்தையை அவர் சொன்னதற்கு ஊரில் சாட்சி இல்லை. அந்தச் சிப்பியை வேறொருவர் தொடவும் கூடாது. தொட்டால் வரி உதிருமாம்.

"இஞ்சேருங்கோ, அது நான் சுமந்த தண்ணி" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. அவர் காதில் விழுவதில்லை.

மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்சனும் கோட்டுமாகக் காங்கேசன்துறைப் பக்கம் வந்து இறங்கியவர். மற்றப் பென்சன்காரர்கள் ஆயுள் முழுவதும் வழக்குப் பேசுவார்கள். இவர் ஒரு வழக்கைப் பேசித் தோற்றுவிட்டுச் சிப்பிக்குப் போய்விட்டார். தோற்றது கிணற்றுப் பங்கு. பக்கத்து வளவு மச்சான் தியாகலிங்கத்தோடு பொதுவாக இருந்த கிணற்றில் இனிப் பங்கில்லை என்றானதும், "அவன்ரை தண்ணி என்ரை நாக்கிலை படாது" என்று கோயில் வாசலில் சத்தியம் செய்தார். அன்று தொடக்கம் வேலி ஓட்டையான பொட்டுக்குள்ளால் குனிந்துபோய், தண்ணீரோடு மச்சான் பெண்சாதியின் முணுமுணுப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தவள் குணலட்சுமி. தேத்தண்ணி எந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டது என்று கனகலிங்கத்தார் ஒருநாளும் கேட்டதில்லை. சத்தியவான் அல்லவா!

அவருடைய ஞானத்துக்கு ஊற்று, ஒரு துரை சீமைக்குப் போகும்போது விட்டெறிந்த, உலகத்தில் உயிர்கள் தோன்றிய கதை சொல்லும் புத்தகம். பின்பாதியைக் கறையான் தின்றுவிட்டது. ஆகவே அவருடைய உலகத்தில் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் பாடம் உண்டு.

"நாங்கள் நிக்கிற நிலம் முழுக்க ஒருகாலம் கடல். சங்கு, மட்டி, நத்தை, கணவாய், உதுகள் எல்லாத்துக்கும் ஒரே பாட்டன், தெரியுமே? கடலடியிலை ஊருற மெத்தெண்ட சீவன். முதுகிலை தொப்பி மாதிரி ஒரு ஓடு. பிறகு பிள்ளையள் பிரிஞ்சு போச்சினம். ஒருத்தன் ஓட்டைச் சுருட்டினான், சங்கானான். மற்றவன் ரண்டு கதவு போட்டுப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்தான், அதுதான் மட்டி. உள்ளுக்கை இருக்கிறவனுக்குத் தலை என்னத்துக்கு? அது இல்லாமலே போச்சு!"

"ஓம், ஓம். பென்சன் எடுத்துப்போட்டு வீட்டுக்கை இருந்தா அப்பிடித்தான் போகும்" என்றாள் குணலட்சுமி, சுளகைத் தட்டிக்கொண்டே.

சென்ற பங்குனியில் சொந்தக் கிணறு வெட்டத் தொடங்கினார். கிணறு வெட்ட வந்த யாகப்பு வெடி வைத்து உடைத்து மேலே அனுப்பிய கல்லிலெல்லாம் சிப்பி. வெட்டுவது தண்ணீருக்கு என்பதே கனகலிங்கத்தாருக்கு மறந்துபோயிற்று. இருந்தும் ஒருநாள் நல்ல தண்ணீர் ஊறியது. குணலட்சுமி குடித்துப் பார்த்து, "இளநி மாதிரி" என்றாள். கண் கலங்கிவிட்டது பாவம். கனகலிங்கத்தார் உடனே மச்சானுக்கு ஆள் அனுப்பினார்: "உந்தப் பொட்டை இப்பவே அடை!" மச்சானுக்குக் கசக்குமா? பனங் கருக்குமட்டையை நெருக்கி வைத்துக் கட்டினார்.

"காணும் ஐயா, நிப்பாட்டுவம்" என்றான் யாகப்பு.

கடற்கரைப் பக்கத்தில் ஆழப் போனால் உவர் என்பது எங்கள் ஊரில் ஆடு மாட்டுக்கும் தெரியும். கனகலிங்கத்தாருக்கும் தெரியும். "இன்னுமொரு வெடி, யாகப்பு. கீழை போகப் போகத்தான் பழசு. பாட்டன் உதுக்குள்ளைதான் கிடக்கிறான்" என்றார். இந்தக் கல் உண்டாவதற்குப் பலகோடி வருடம் முன்பே அந்தப் பாட்டன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று, கறையான் விட்டுவைத்த பாதியிலேயே இருக்கிறது. நான் இரவல் வாங்கிப் படித்தேன். அவர் அதிலுள்ள படங்களை மட்டும் பார்த்திருப்பார்.

வெடித்தது. பாட்டன் வரவில்லை. தண்ணீர்தான் குபுகுபுவென்று வந்து, முன்பு ஊறியதையும் கலக்கிக்கொண்டு ஏறியது. முதல் வாளியில் ஒரு கை அள்ளி வாயில் விட்ட குணலட்சுமி, அப்படியே துப்பினாள்.

"நீங்கள் சொன்னது மெய்தான். உங்கடை கடல் இன்னும் வத்தேல்லை."

யாகப்பு கயிற்றைச் சுருட்டினான். குணலட்சுமி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி, அடைத்த வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

கனகலிங்கத்தார் உள்ளே போனார். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினார். மறுகையில், பல் தீட்டிய அந்தப் பெரிய சிப்பி. ஒழுங்கைப் பாதையால் சுற்றிப்போய், மச்சான் வீட்டு வாசலில் சற்று நேரம் நின்றார். பிறகு சிப்பியைக் கோட்டில் ஒருமுறை துடைத்து, அதனாலேயே படலைக் கதவில் தட்டினார்.