ஒற்றைக் காலில் முப்பது விநாடி

பதினேழு வருடம் ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவள், சமையலறையில் ஒற்றைக் காலில் நான்கு விநாடி நிற்க முடியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். டிப்போவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். அவள் படியிலிருந்து இறங்கும்போது டிரைவர் அவசரப்பட்டு வண்டியை எடுத்துவிட்டான். இடது கணுக்கால் மடங்கி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆகி இது பத்தாவது வாரம்.

கட்டைப் பிரித்து, தையல் ஆறி, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பிசியோதெரபி பெண்ணுக்கு அது போதவில்லை. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காலுக்கே தெரியாமல் போயிருக்கிறது, அதைப் பழக்கித்தான் ஆக வேண்டும் என்றாள். முதலில் தரையில், பிறகு தலையணை மேல், கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு முப்பது விநாடி. அதுவரை வேலைக்குப் போகக் கூடாது.

கால் வெடவெடக்கும்போதெல்லாம் அந்த டிரைவரை வாய்விட்டுத் திட்டினாள். ஒரு நாள்கூட வந்து பார்க்காதவன். "அதான் நடக்குறல்ல, போய் வேலையில சேரு" என்று புருஷன் சொன்ன அன்று, காலடியில் கிடந்த தலையணை அவன் மேல் பறந்தது.

டிப்போ மேனேஜரும் அதையே சொன்னார். லீவை நீட்டிக்கக் கேட்டு அவள் கொடுத்த கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. வாசலிலிருந்து மேசை வரை நடந்துதானே வந்தீர்கள், அப்புறம் என்ன என்றார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கொஞ்சம் எழுந்திரிங்க சார். ஒரு காலைத் தூக்கிட்டு கண்ணை மூடுங்க."

கிளார்க்குகள் பார்க்கிறார்களே என்று அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். ஐந்து விநாடிதான். ஃபைல் அலமாரியில் போய் முட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. இந்த ரூமும் ஓடல. நான் ஓடுற வண்டியில அறுபது பேருக்கு நடுவுல நிக்கணும்."

கடுகடுவென்று கையெழுத்துப் போட்டார். சம்பளமில்லா லீவு என்று மேலே எழுதவும் மறக்கவில்லை.

எட்டு வாரம் கழித்து அவள் திரும்பியபோது, யாருமே விரும்பாத குண்டும் குழியுமான ரூட் காத்திருந்தது. மேனேஜர் வேண்டுமென்றே போட்டது. அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கால் தாங்கியது. ரூட்டை மாற்றச் சொல்லி இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.